வேலியில் காய்த்த புள்ளி அவரையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் உங்கள் அம்மம்மாவின் வேலியில் பல வருடமாகப் படர்ந்து காய்த்த கொடியின் விதை ஒரு போத்தல் நிறைய உங்களிடம் வந்திருக்கிறது. தட்டையாக, பெருவிரல் நகமளவில், வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி. படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து லீமா அவரை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஒருவர் அதைச் சத்துக் களஞ்சியம் என்கிறார், இன்னொருவர் சயனைட் நஞ்சு என்கிறார், யாரை நம்புவது, எப்படிச் சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது தங்கச்சி. மூன்று வயது மகனுக்கு இடிக்கும் சத்துமாவில் இதையும் வறுத்துச் சேர்க்கலாமா என்பது அது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சேர்க்க வேண்டாம். மற்றதை ஆறுதலாகப் பேசலாம், ஏனென்றால் விதையைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

நான் வைத்தியரில்லை. படுவான்கரையிலும் பிறகு அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்திலும் 30 வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண்கள் சங்கக் கூட்டங்களில் ஒரு பாடத்தை மனப்பாடமாகச் சொல்லுவேன்: பயறு, கௌபி, அவரை எதை அவித்தாலும் அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், விற்றமின் போய்விடும். ஒரு கூட்டத்தில் வயதான ஆச்சி ஒருவர் எழும்பி, "இந்தப் புள்ளி அவரைத் தண்ணிய மாட்டுக்கும் வைக்க மாட்டம் மனே, நீ குடிக்கச் சொல்றாய்" என்றார். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் அதைப் பழைய பயம் என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். ஆச்சி சொன்னதுதான் சரி என்று எனக்கு விளங்கக் கொஞ்ச வருடம் பிடித்தது. அந்த இடைவெளியில் எத்தனை வீட்டில் என் பேச்சைக் கேட்டுத் தண்ணீரை வைத்துக் கறி சமைத்திருப்பார்கள் என்ற கவலை இன்றைக்கும் எனக்கு உண்டு. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் விதை அதுதானா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் அவரை என்ற ஒரு சொல்லுக்குள் பல கொடிகள் அடங்கிவிடும். மொச்சை விதையின் ஓரத்தில் வெள்ளைத் தடிப்பு ஒன்று நீளமாக ஒட்டியிருக்கும். வாளவரையின் காய் முழ நீளம் போகும், விதையும் மிகப் பெரிது. பூனைக்காலியின் காய் முழுக்கச் சுணை, தொட்டால் கடிக்கும். லீமா அவரையின் காய் தட்டையாக, பிறைபோல் லேசாக வளைந்து, நுனியில் சிறு மூக்கோடு இருக்கும்; உள்ளே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு விதைதான். அதன் தாவரவியல் பெயரின் இரண்டாம் பாதியான லுனாட்டஸ் என்பதற்கும் பிறை போன்றது என்றுதான் பொருள். விதையை வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். கண் இருக்கும் இடத்திலிருந்து வெளி ஓரம் வரை மெல்லிய கோடுகள் விசிறிபோல் விரிந்திருந்தால் அநேகமாக அது லீமா அவரைதான். இருந்தாலும் எழுத்தில் வந்த விவரத்தை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. காயும் இலையும் பூவும் இருக்கும்போது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கடையில் பட்டர் பீன்ஸ் என்று விற்கும் பெரிய வெள்ளை விதையும் தமிழ்நாட்டில் டபுள் பீன்ஸ் என்பதும் இதே இனம். மேல்நாட்டில் ஃபாவா என்று சொல்லும் அவரை வேறு. சிலருக்குப் பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதியம் குறைவாக இருக்கும். அவர்கள் ஃபாவா தின்றால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சளாகிவிடக்கூடும். அந்த ஆபத்தை இதன் தலையில் கட்டி எழுதியிருப்பதைப் பார்த்தேன். அது லீமா அவரையின் குற்றமில்லை.

கொச்சிக்காயையும் மரவள்ளியையும் போல இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்த பயிர். பெரிய விதை வகையை அந்தீஸ் மலைப் பக்கத்திலும், சின்ன விதை வகையை மெக்சிக்கோப் பக்கத்திலும் மனிதர்கள் தனித்தனியே வளர்த்துப் பழக்கினார்கள். பெருவின் வடகரையில் வாழ்ந்த மோச்சே மக்கள் தங்கள் மட்பாண்டங்களில் இந்த விதையை, அதன் புள்ளிகளோடு சேர்த்தே வரைந்து வைத்திருக்கிறார்கள். லீமா என்ற பெயரும் பெருவின் தலைநகரத்தின் பெயர்தான். அமெரிக்காவில் கிறிஸ்மஸ் லீமா என்று ஒரு பழைய ரகம் உண்டு. வெள்ளையில் கருஞ்சிவப்பு தெறித்த பெரிய விதை, நீங்கள் விவரித்ததைப் போலவே. அதற்காக உங்களிடம் இருப்பது அதுதான் என்று சொல்ல வரவில்லை. ஒரே நிறத்தில் பல வம்சம் இருக்கும். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது நஞ்சைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

நஞ்சு பற்றி நிச்சயமாகத் தெரிந்தது இது. லீமா அவரை விதையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் அதுவேதான். அப்படியே இருக்கும்போது அது சயனைட் இல்லை. அதை உடைக்கும் நொதியமும் அதே விதையில் வேறொரு அறையில் இருக்கிறது. விதை நசுங்கும்போது, அரைபடும்போது, நன்றாக ஊறும்போது இரண்டும் சந்தித்து ஐதரசன் சயனைட் வெளிவரும். அந்த வாயு சுமார் 26 பாகை செல்சியசிலேயே ஆவியாகிவிடும். மட்டக்களப்பில் அது விடிகாலைச் சூடு. ஆகவே வெளிவந்த சயனைட் மூடாத பானையில் இலகுவாகப் பறந்துவிடும். உடையாமல் மிஞ்சிய லினமாரின்தான் வில்லங்கம். சூடு அதைச் சுலபத்தில் அழிக்காது, ஆனால் நொதியத்தை அழித்துவிடும். ஊறவைக்காமல் நேரே கொதிநீரில் போட்டாலோ வறுத்தாலோ, உடைக்கும் கை செத்துப்போகும், உடைபட வேண்டிய பொருள் விதைக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைக்கும். சத்துமாவுக்கு வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். வறுப்பதால் வாசம் வரும், நஞ்சு போகாது.

அளவைப் பார்த்தால் ஏன் ஒருவர் பயப்படுகிறார், இன்னொருவர் பயப்படவில்லை என்பது விளங்கும். அமெரிக்காவில் விற்கும் வெள்ளை ரகங்களில் 100 கிராம் உலர்ந்த விதையிலிருந்து வரக்கூடிய சயனைட் சுமார் 10 மில்லிகிராம். ஜாவாவிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் எடுத்துச் சோதித்த நிற விதைகளில் அது 300 மில்லிகிராம் வரை போயிருக்கிறது. முப்பது மடங்கு. மனிதருக்கு உயிராபத்து வரும் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது. 60 கிலோ ஆளுக்கு 30 மில்லிகிராம், 12 கிலோப் பிள்ளைக்கு வெறும் 6 மில்லிகிராம். விதையில் உள்ளதெல்லாம் ஒரேயடியாக வெளிவராது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையின் கணக்கில் தவறுக்கு இடமே இல்லை என்பதைப் பாருங்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை தங்கச்சி. ஒருவர் கடை விதையைப் பற்றிச் சொல்கிறார், மற்றவர் வேலி விதையைப் பற்றிச் சொல்கிறார்.

நிறத்தை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்கலாமா என்றால், அரைவாசிதான். கறுப்பும் கடும் நிறமும் கொண்ட, காட்டுத்தன்மை மாறாத சின்ன விதைகளில் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. ஆனால் பர்மாவிலிருந்து வந்த வெள்ளை விதையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்ததுண்டு. அமெரிக்க நிற விதையில் 20க்கும் குறைவாக இருந்ததும் உண்டு. வெள்ளை என்பதால் நல்லது, புள்ளி என்பதால் கூடாது என்று பிரித்துவிட முடியாது. கசப்பு ஓர் அடையாளம். அவித்து முடித்த பிறகும் கசந்தால் இரக்கப்படாமல் கொட்டிவிடுங்கள். கசக்கவில்லை என்பதை மட்டும் நம்பி எதுவும் செய்யவும் கூடாது. வம்சம் தெரியாத எந்த லீமா விதையையும் கூடிய நஞ்சுள்ளது என்று வைத்துக்கொண்டே சமைப்பது என் வழக்கம்.

அந்தச் சமையல் முறையை இப்போது சொல்கிறேன். ஒரு கோப்பை விதைக்கு நாலு கோப்பை தண்ணீர் விட்டு இராத்திரி முழுவதும் ஊறவையுங்கள், குறைந்தது 8 மணித்தியாலம். நம் வெக்கைக்கு ஒரே தண்ணீரில் விட்டால் நுரைத்துப் புளித்துவிடும். படுக்கப் போகுமுன் ஒரு தடவை மாற்றுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, புதுத் தண்ணீரில் மூடாமல் நன்றாகத் தளதளக்க 10 நிமிடம் கொதிக்கவிட்டு அதையும் கொட்டுங்கள். மூன்றாவது தண்ணீரில்தான் உண்மையான அவிப்பு. விரலால் நசுக்கினால் களியாகும் வரை, முக்கால் மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ எடுக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள். அதிலும் மிஞ்சும் தண்ணீரை வேலி விதைக்கு நான் கறியில் சேர்ப்பதில்லை. பிரஷர் குக்கர் வேண்டுமென்றால் முதல் கொதியைத் திறந்த சட்டியில் முடித்துவிட்டுப் போடுங்கள். அதுவும் அரைக் குக்கருக்கு மேல் நிரப்ப வேண்டாம், ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். இந்த அவரை நுரைத்துத் தோல் கழன்று மேல் துவாரத்தை அடைக்கும்.

கொட்டும் தண்ணீரோடு சத்தும் போகிறதே என்பீர்கள். போகும்தான். பொட்டாசியம், ஃபோலேட், பி விற்றமின்களில் ஒரு பங்கு போய்விடும். புரதமும் நாரும் இரும்பும் பெரும்பாலும் விதையிலேயே நிற்கும். வயிற்றில் காற்றுப் பிடிக்க வைக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் அந்தத் தண்ணீரோடு ஓடிவிடும் என்பதால் வயதானவர்களுக்கு இது இன்னொரு விதத்தில் நல்லது. வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் என்ற இன்னொரு பொருளும் பச்சை அவரையில் உண்டு, அதை அழிப்பது நல்ல கொதிதான். ஆகவே இளம் காயைப் பிதுக்கிப் பச்சையாகத் தின்பது, முளைகட்டிச் சலாதுவில் போடுவது, வெந்நீர் போத்தலில் ஊறவைத்தே வேகவைப்பது எல்லாம் பாசிப்பயறுக்குச் சரி, இதற்கு ஆகாது.

வேகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் விதை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழைய விதை, அதிலும் நம் கரையோரத்துச் சூட்டிலும் ஈரக் காற்றிலும் வருடக்கணக்காகக் கிடந்த விதை, எவ்வளவு அவித்தாலும் நடுவில் கல்லாக நிற்கும். சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீரும் அதையே செய்யும். புளி, தக்காளி, தேசிக்காய் எதையும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். உப்புப் போட்டால் வேகாது என்பது மட்டும் பிழையான நம்பிக்கை. ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் இன்னும் மெதுவாகும். அப்பச்சோடாவும் மெதுவாக்கும், ஆனால் பி1 விற்றமினை அழித்துவிடும், எனக்கு அதில் விருப்பமில்லை.

சத்துக் கணக்கு: அவித்த லீமா அவரை 100 கிராமில் சுமார் 115 கலோரி, 7.8 கிராம் புரதம், 7 கிராம் நார், 2.4 மில்லிகிராம் இரும்பு, 500 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியம், 83 மைக்ரோகிராம் ஃபோலேட். கொழுப்பு அரைக் கிராமும் இல்லை. இவை கடையில் விற்கும் ரகத்தை அவித்த அளவுகள் என்பதை நினைவில் வையுங்கள். புரதத்தில் நாம் தினமும் தின்னும் மைசூர்ப் பருப்பை விடச் சற்றுக் குறைவுதான். இதை அதிசய உணவு என்று எழுதுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். இதன் பெருமை நாரில் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இதன் மாச்சத்து மெதுவாகச் செரிப்பதால் குருதியில் சீனி சட்டென்று ஏறாது. ஆனால் கோப்பை நிறையச் சோறும் போட்டு, அதற்கு மேல் இதையும் போட்டால் பலனில்லை; சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும். சோற்றில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் அவரையில் நிறைய இருக்கிறது, அவரையில் குறைவானது சோற்றில் இருக்கிறது, அதனால் இரண்டும் சேரும்போது புரதம் நிறைவாகிறது. இரும்பு உடலில் சேர வேண்டுமென்றால் கறியை இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள், சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்காதீர்கள். தேயிலை அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் போகட்டும். கர்ப்பிணிப் பெண்கள் இதில் ஃபோலேட் இருக்கிறது என்று மருத்துவமாது தந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சிறுநீரக வருத்தத்துக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தங்கள் வைத்தியரைக் கேட்காமல் அவரைப் பக்கம் போகக்கூடாது.

இனி ருசிக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெரிய லீமா விதை நன்றாக வெந்தால் அவித்த பலாக்கொட்டையின் மாப்பதம் வரும், அதோடு வெண்ணெய் போன்ற ஒரு வழுவழுப்பு. புள்ளியின் அழகு மட்டும் அவியலில் மங்கி மண்ணிறமாகிவிடும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் பால்கறிதான் முதலிடம். அவித்து வடித்த அவரையோடு சின்ன வெங்காயம், உள்ளி, கீறிய பச்சைக் கொச்சிக்காய், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம், ரம்பை, கறிவேப்பிலை போட்டு இரண்டாம் பாலில் வற்றவிட்டு, கடைசியில் தலைப்பால் விட்டு ஒரு கொதி வருமுன் இறக்கி, தேசிக்காய் விட வேண்டும். விதை பாலைக் குடித்துக்கொள்வதால் ஆற ஆறத் தடிக்கும். மத்தியானம் வைத்த கறி இரவில் பிட்டோடு தின்னும்போதுதான் உச்சம். வாவி இறால் கிடைத்தால் தனியே வதக்கி இந்தப் பால்கறியில் கடைசியில் சேருங்கள். காத்தான்குடியில் ஒரு நண்பர் வீட்டில் மாசியை இடித்துப் போட்டுத் தந்தார்கள், பக்கத்தில் புளியாணம். அந்தச் சோற்றை நான் மறக்கவில்லை.

அமெரிக்கப் பழங்குடிகள் சோளனையும் அவரையையும் ஒன்றாக அவித்துத் தின்பார்கள், சக்கோட்டாஷ் என்று பெயர். இப்போது அதில் பெரும்பாலும் லீமா அவரைதான் போடுகிறார்கள். நம் சேனையிலும் சோளன் தண்டில் கொடி ஏறுவது புதிதில்லையே. அவித்த இளம் சோளன் முத்தும் அவரையும் சரிபாதி சேர்த்து, கடுகு, செத்தல், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டலாகக் கிளறிப் பாருங்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் பயேயா என்ற சோற்றுக்குள் கரோஃபோ என்று இதே அவரையைப் போடுகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகு நான் நெய்ச்சோற்றில் அவித்த அவரை ஒரு பிடி போட்டுப் பார்த்தேன். முந்திரிகை இல்லாத நாளில் அதன் குறை தெரியவில்லை.

மகனுக்கு எப்போது கொடுக்கலாம் என்றால், வேலி விதையை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு. மூன்று தண்ணீர் முறை நஞ்சைப் பெரிதும் குறைக்கும், ஆனால் எவ்வளவில் தொடங்கியது என்று தெரியாத விதையில் எவ்வளவு மிஞ்சியது என்று அடுப்படியில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. அவனுக்குப் பாசிப்பயறும் கௌபியும் போதும். கடைப் பட்டர் பீன்ஸை ஊறவைத்து, நன்றாக அவித்து மசித்துக் கொடுத்தால் தப்பில்லை. பெரியவர்கள் வேலி விதையை மேலே சொன்ன முறையில் சமைத்து, முதல் தடவை நாலைந்து விதை மட்டும் தின்று பாருங்கள். சாப்பிட்ட சில மணித்தியாலத்துக்குள் தலையிடி, தலைசுற்று, சத்தி, மூச்சு வேகமாக வாங்குவது என்று வந்தால் வீட்டு மருந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன தின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

போத்தலில் இருப்பதை முழுவதும் சமைத்துவிடாதீர்கள். குத்தல் இல்லாத, நிறம் தெளிந்த 20 விதையைத் தனியே எடுத்து வையுங்கள். வண்டு ஏற்கனவே இறங்கியிருக்கக்கூடும்; நன்றாகக் காயவைத்து, சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து, காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள். நீங்கள் இருப்பது கல்லடி மணல் என்கிறீர்கள். மாரி மழையில் நட்டால் தண்ணீர் நின்று விதை அழுகும். தையில் மழை ஓய்ந்ததும், மாட்டெரு கலந்த மேட்டில், கண் கீழே பார்க்க ஓர் அங்குல ஆழத்தில் நடுங்கள். கிளிசரியா வேலி இருந்தால் பந்தல் தேவையில்லை, தானே ஏறும். கடும் வெயிலில் பூ கொட்டும், ஆகவே வைகாசிக்கு முன் காய் பிடிக்க வைக்கப் பாருங்கள். தன் பூவிலேயே சேர்ந்து காய்க்கும் கொடிதான், என்றாலும் தேனீ கலப்பைக் கொண்டுவரும். பக்கத்தில் வேறு லீமா ரகம் நடாதீர்கள். விதைக்கு விடும் காய் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் சத்தம் கேட்க வேண்டும். அம்மம்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இதை எத்தனை தண்ணீரில் அவிப்பார் என்று இன்றைக்கே கேட்டு, போத்தலில் ஒரு துண்டு ஒட்டி அதில் எழுதி வையுங்கள்.